கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: சேர்வதற்கும் தாக்குப்பிடிப்பதற்கும் முழு வழிகாட்டி

"ரெண்டு வருஷக் கோர்ஸ்தானே" என்று நினைத்துத்தான் எல்லாரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நர்சிங் வகுப்புகள் மட்டும்தான் இரண்டு வருடம். அதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம் போகும். இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது தனி. எனக்கு முதல் வகுப்பிலிருந்து லைசென்ஸ் கைக்கு வர நான்கரை வருடம் ஆனது. அதில் ஒரு முழு வருடம், எதை முதலில் செய்வது என்று தெரியாததால் போனது.

கம்யூனிட்டி காலேஜில் படித்து முடித்தால் கிடைப்பது ஏ.டி.என். என்கிற இரண்டு வருட அசோசியேட் பட்டம். நான்கு வருட பி.எஸ்.என். பட்டம் படித்தவர்கள் எழுதும் அதே என்கிளெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வைத்தான் நாமும் எழுதுகிறோம். கிடைப்பதும் அதே ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ் லைசென்ஸ்தான். கீழே உள்ளது கலிஃபோர்னியா கணக்கு. இந்தியாவில் வேறு ஏதோ படித்துவிட்டு, இங்கே வந்தபின் நர்சிங் பக்கம் திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் காகித வேலை

வகுப்பில் சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இவை மெதுவாக நகர்பவை. பின்னால் அவசரப்படுத்தினாலும் நகராது.

விசா: எச்4-இல், அதாவது கணவர் அல்லது மனைவியின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருப்பவர்கள் விசா மாற்றாமலேயே படிக்கலாம். ஆனால் ஆர்.என். லைசென்ஸ் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. லைசென்ஸ் வந்ததும் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்து, ஈ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடியும் காலத்தில் குடும்பத்தின் கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ரெசிடென்சி, அதாவது மாநிலவாசி என்ற தகுதி: மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் கட்டணம். வெளியாளுக்கு அதைப்போலப் பல மடங்கு. செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்ததையும், இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். எச்4-இல் இருப்பதே இதற்குத் தடை அல்ல. ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சார பில் எல்லாம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது. வந்த முதல் மாதமே டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

பெயர்: நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, இங்கே வந்தபின் கணவர் பெயர். கல்லூரிப் பதிவில் என்ன பெயர் கொடுக்கிறீர்களோ அதுதான் கடைசியில் லைசென்ஸ் தரும் மாநில நர்சிங் போர்டுக்கும் போகும். என்கிளெக்ஸ் தேர்வு மையத்தில் நீட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும், பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கல்லூரியில் சேரும் நாளிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி கொடுத்துவிடுங்கள்.

இந்தியப் பட்டம் இருந்தால் அதைப் பாடவாரியாக மதிப்பீடு செய்யக் கொடுங்கள். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் கேட்டபிறகு பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான மதிப்பெண் பட்டியல்) வாங்க ஊரில் யாராவது நேரில் அலைய வேண்டியிருக்கும், அதனால்தான் இதையும் முதலிலேயே சொல்கிறேன். பழைய அறிவியல் பாடங்கள் எடுபடும் என்று நம்பாதீர்கள். நர்சிங்குக்கு ஆள் எடுக்கும்போது பல கல்லூரிகளில் பட்டம் இருப்பதற்குப் புள்ளி கிடைக்கும், அதற்காகத்தான் இந்தப் பாடு.

2. ஐந்தாறு கல்லூரிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே கல்லூரியை நம்பிப் பாடங்களை எடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால், அடுத்த கல்லூரி கேட்கும் ஒரு பாடம் உங்களிடம் இருக்காது. அதற்காக இன்னொரு செமஸ்டர் போகும்.

அதனால் கார் ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள ஐந்தாறு கல்லூரிகளின் பெயரைக் கீழே கீழே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இவற்றைக் குறியுங்கள்: என்னென்ன பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அறிவியல் பாடங்கள் எத்தனை வருடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், ஆள் எடுப்பது புள்ளிக் கணக்கிலா குலுக்கலிலா, விண்ணப்பம் எந்த மாதம். பிறகு எல்லாக் கல்லூரிகளும் கேட்பதைச் சேர்த்து ஒரே பாடப் பட்டியலாக்குங்கள். ஒன்றிரண்டு பாடம் கூடுதலாகப் படிக்க வேண்டிவரும். பரவாயில்லை, ஒரே சமயத்தில் ஐந்து கதவைத் தட்டலாம்.

கலிஃபோர்னியா நர்சிங் போர்டின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பெயரும், ஒவ்வொன்றிலும் முதல் முயற்சியில் என்கிளெக்ஸ் தேறியவர்களின் சதவீதமும் இருக்கும். 75-க்குக் கீழே போனால் போர்டு அந்தக் கல்லூரியைக் கேள்வி கேட்கும். அந்த எல்லையை ஒட்டியே வருடக்கணக்காக நிற்கும் இடத்தைக் கடைசியில் வையுங்கள். தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். லைசென்ஸுக்கு அது தேவையில்லை. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனைகளும் சில மேல்படிப்புகளும் அதைக் கேட்கும்.

பொதுக் கவுன்சலர் நல்லவராக இருப்பார், ஆனால் நர்சிங் விதிகள் முழுதும் அவருக்குத் தெரிந்திருக்காது. என்னிடம் ஒருவர் "இந்தக் கெமிஸ்ட்ரி போதும்" என்று சொன்னார். போதவில்லை. நான் வீணாக்கிய ஒரு வருடம் அங்கேதான் தொடங்கியது. நர்சிங் துறையின் கவுன்சலரைப் பார்த்து, அவர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அறிவியல் பாடங்களின் வரிசை

இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்று பாடங்கள்: அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி. மூன்றுக்கும் லேப் உண்டு.

முதல் செமஸ்டரில் இவற்றைத் தொடாதீர்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடம், புள்ளியியல், தேவைப்பட்டால் கெமிஸ்ட்ரி என்று தொடங்குங்கள். காரணம் இரண்டு. புது மாணவருக்குப் பதிவு செய்யும் தேதி கடைசியில் வரும், அதற்குள் அனாட்டமி நிரம்பியிருக்கும். அதோடு, பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொடுகிறவர்களுக்கு இங்குள்ள வாராந்திர வினாத்தாள், அசைன்மென்ட் முறை பழகவே ஒரு செமஸ்டர் ஆகும். அந்தப் பழக்கத்தை அனாட்டமியில் போய்ப் பழகினால் கிரேடு போய்விடும்.

அப்புறம் அனாட்டமி, அதற்கடுத்து பிசியாலஜி, பிறகு மைக்ரோபயாலஜி. உறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்பது கஷ்டம். சில கல்லூரிகளில் அனாட்டமியும் பிசியாலஜியும் கலந்து முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று இருக்கும். அப்படியானால் இரண்டு பாகத்தையும் ஒரே கல்லூரியில் முடியுங்கள். பாதி இங்கே, பாதி அங்கே என்றால் ஏதாவது ஒரு பகுதி விட்டுப்போயிருக்கும், அதைக் காட்டி நிராகரிப்பார்கள்.

வேகமாக முடிக்க வேண்டும் என்று கோடையில் ஆறு வாரத்தில் பிசியாலஜி எடுப்பது, ஒரே செமஸ்டரில் இரண்டு லேப் பாடம் எடுப்பது, இரண்டுமே ஆபத்து. இங்கே சி கிரேடு பெயில் ஆனதைவிட மோசம் என்று சொல்வேன். பெயில் என்றால் திரும்ப எடுக்க விடுவார்கள். சி வாங்கினால் அது தேர்ச்சி, பொதுவாகத் திரும்ப எடுக்க அனுமதி கிடையாது. அந்த சி உங்கள் ஜி.பி.ஏ. என்கிற கிரேடு சராசரியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உங்களைக் கீழே இழுக்கும். பாதியில் விலகினால் டபிள்யூ விழும். அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் சேரும், சில நர்சிங் துறைகள் அதையும் எண்ணுகின்றன. முதல் தேர்வு சொதப்பினால், விலகுவதற்கான கடைசி தேதிக்கு முன் ஆசிரியரிடம் போய் "எனக்கு ஏ அல்லது பி வர வாய்ப்பிருக்கிறதா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அனாட்டமி லேப் தேர்வு நம்மூர்த் தேர்வு மாதிரி இருக்காது. மேஜை மேஜையாக எலும்பும் மாதிரி உறுப்பும் வைத்து, ஊசி குத்தியிருப்பார்கள். ஒரு நிமிடத்தில் பெயரை எழுதிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எழுத்துப் பிழைக்கு மார்க் போகும். இலியம் என்று இடுப்பெலும்பில் ஒன்று இருக்கிறது, சிறுகுடலிலும் ஒன்று இருக்கிறது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் நடுவில் ஓர் எழுத்து மாறும். எனக்கு அதில் போன மார்க் இன்னும் நினைவிருக்கிறது. புத்தகத்தை உரக்கப் படித்து மனப்பாடம் செய்வது இங்கே உதவாது. லேப் திறந்திருக்கும் நேரமெல்லாம் போய், மாதிரிகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பெயரை எழுதிப் பழகுங்கள்.

4. புள்ளி சேர்ப்பது

கலிஃபோர்னியாவில் பல கல்லூரிகள் புள்ளிக் கணக்கில் ஆள் எடுக்கின்றன. ஜி.பி.ஏ., ஏற்கெனவே உள்ள பட்டம், மருத்துவத் துறை அனுபவம், வாழ்க்கைச் சூழல், டீஸ் என்கிற நர்சிங் நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்று அது போகும். அதில் பலர் கவனிக்காத ஒன்று, ஆங்கிலம் அல்லாத மொழி. இதற்கான மாநிலக் கல்விச் சட்டமே இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளைக் குறிப்பிடுகிறது. ஆக, தமிழுக்குப் புள்ளி உண்டு. எப்படி நிரூபிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பள்ளிச் சான்றிதழ் போதும் என்பார்கள் ஓரிடத்தில், மொழித் தேர்வு எழுதச் சொல்வார்கள் இன்னோர் இடத்தில். விண்ணப்பம் திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே கேளுங்கள்.

டீஸ் தேர்வில் 170 கேள்விகள், 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி. இங்குள்ள கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது குறைந்தபட்சம் 62 சதவீதம். ஆனால் புள்ளி வாங்க அதைவிட நிறைய மேலே போக வேண்டும். சில இடங்களில் முதல் முயற்சி மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று போகாதீர்கள். பிசியாலஜி முடித்த சூட்டோடு எழுதுவது நல்லது, அறிவியல் பகுதியில் மிகப் பெரிய பங்கு மனித உடல்தான். பொறியியல் படித்தவர்கள் கணக்கில் அசத்திவிட்டு வாசிப்பில் விழுகிறார்கள். கணக்கிலும் பைன்ட், குவார்ட், அவுன்ஸ் என்று வந்தால் லிட்டரில் வளர்ந்த நமக்குக் கை நின்றுவிடும். அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். தவறான பதிலுக்கு மார்க் குறைப்பு கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

அனுபவத்துக்கு, சி.என்.ஏ. எனப்படும் உதவியாளர் பயிற்சி எடுக்கலாம். மாநில விதிப்படி குறைந்தது 60 மணி நேர வகுப்பும் 100 மணி நேர நேரடிப் பயிற்சியும். புள்ளிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. படுக்கையிலிருக்கும் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, டயப்பர் மாற்றிப் பார்த்தபின் "இது எனக்கு வேண்டாம்" என்று விலகியவர்கள் உண்டு. இரண்டு வருடப் படிப்புக்குப் பின் அது தெரிவதைவிட இது நல்லதுதானே.

5. விண்ணப்பிக்கும் வாரம்

விண்ணப்பம் திறந்திருப்பது சில வாரங்கள்தான். நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் அதற்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கோடைக்கால வகுப்பு எடுத்த கல்லூரியை மறந்துவிடுவார்கள், அதற்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகும். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பாடத்தை முடித்ததாகக் காட்டாதீர்கள். கல்லூரி அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமில் விழும், அதைத் தினமும் பாருங்கள். இடம் தருகிறோம் என்ற கடிதத்துக்குப் பதில் சொல்ல சில நாட்களே தருவார்கள்.

6. கடிதம் வந்ததும் ஓட வேண்டியவை

உண்மையில் இதில் பாதியைக் கடிதம் வருமுன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமான முறையில் மூன்று டோஸ், முழுதும் முடிய ஆறு மாதம். அதற்குப் பின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்ற சோதனை. நேரமில்லை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸ் போடும் ஹெப்லிசாவ் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கு "சின்ன வயசுல வந்துடுச்சு" என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும்.

காசநோய்ச் சோதனை நமக்குத் தனிக் கதை. பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். குவான்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனை பி.சி.ஜி.-யால் குழம்பாது. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை இரண்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. இன்னொன்று, சோதனைக்கு முந்தின சில நாட்கள் குருமாவில் கசகசா வேண்டாம். கசகசாவால் சிறுநீரில் ஓபியம் வகை மருந்து இருப்பதாகக் காட்டக்கூடும். சி.பி.ஆர். என்கிற இதய, மூச்சு முதலுதவிப் பயிற்சியில் மருத்துவத் துறையினருக்கான பி.எல்.எஸ். வகைதான் கேட்பார்கள். பொதுமக்களுக்கான பயிற்சியை எடுத்துவிட்டு, திரும்பப் பணம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

7. முதல் செமஸ்டர்: படிக்கும் முறையை மாற்றுங்கள்

அனாட்டமியில் ஏ வாங்கியவர்கள் முதல் நர்சிங் தேர்வில் 68 வாங்கி அழுவதை நான் பார்க்காத வருடமே இல்லை. தேர்ச்சிக்கு 75 அல்லது அதற்கு மேல் வேண்டும். கேள்விகள் தகவலைக் கேட்பதில்லை, முடிவைக் கேட்கின்றன.

உதாரணமாக: நான்கு நோயாளிகள். ஒருவருக்குச் சர்க்கரை 180, இன்சுலினுக்குக் காத்திருக்கிறார். ஒருவருக்கு நேற்று அறுவை சிகிச்சை, வலி பத்துக்கு ஏழு. ஒருவர் நிமோனியாவுடன் இருப்பவர், காலையில் நன்றாகப் பேசினார், இப்போது திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார். ஒருவர் வீட்டுக்குப் போக உடை மாற்றிக் காத்திருக்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்? வலியில் துடிப்பவரிடம் ஓடத்தான் மனம் சொல்லும். ஓட வேண்டியது மூன்றாமவரிடம். நிமோனியா இருப்பவருக்குப் புதிதாக வந்த குழப்பம், மூளைக்கு ஆக்சிஜன் குறைவதன் அடையாளமாக இருக்கலாம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையும், "புதிதாக மாறியது எது" என்ற கேள்வியும் பாதிக் கேள்விகளுக்கு வழி காட்டும்.

அதனால் பாடத்தைப் படித்த அன்றே அந்தப் பகுதியில் 30, 40 கேள்விகள் போடுங்கள். சரியான பதிலைப் பார்த்துவிட்டு நகராமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்ற விளக்கத்தைப் படியுங்கள். படிப்பில் மாற்ற வேண்டியது இது ஒன்றுதான், ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் முதல் செமஸ்டரில் காணாமல் போகிறார்கள்.

மருந்து அளவுக் கணக்குத் தேர்வு தனி. எங்கள் கல்லூரியில் 90 சதவீதம் எடுக்காவிட்டால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக முடியாது. கணக்கு எட்டாம் வகுப்பு அளவுதான், விழுவது அலகில். மருத்துவர் எழுதியது 0.25 மில்லிகிராம், கையில் உள்ள மாத்திரை 125 மைக்ரோகிராம். 250-ஐ 125-ஆல் வகுத்தால் 2 மாத்திரை. மில்லியையும் மைக்ரோவையும் மாற்றாமல் போட்டால் ஆள் தப்பமாட்டார். 1000 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்றால், 1000-ஐ 15-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு. பதில் எழுதும்போது .5 என்று எழுதாதீர்கள், 0.5 என்று எழுதுங்கள். 5.0 என்று எழுதாதீர்கள், 5 போதும். புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து மடங்கு மருந்து போய்விடும் என்பதால் இதற்கும் மார்க் வெட்டுவார்கள்.

8. மருத்துவமனைப் பயிற்சி

காலை ஆறரை, ஏழுக்கெல்லாம் யூனிஃபார்மில் நிற்க வேண்டும். மருத்துவமனை கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் என்ற உத்தரவாதமில்லை. இரண்டு முறை தாமதம், ஒரு நாள் வராமல் போவது என்பதெல்லாம் தகுதி நீக்கம்வரை போகும். குழந்தை இருப்பவர்கள் காய்ச்சல் நாளில் பார்த்துக்கொள்ள ஒருவரை, அவருக்கும் மாற்றாக இன்னொருவரை, செமஸ்டர் தொடங்குமுன் பேசி வையுங்கள். என் வகுப்பில் மார்க்கால் விழுந்தவர்களை விட இதனால் விழுந்தவர்கள் அதிகம்.

நம் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். நோயாளிகள் பேசுவது வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் நம் தலையாட்டல். நான் "சரி" என்று ஆட்டியதை ஆசிரியர் "இல்லை" என்று எடுத்துக்கொண்டார். வாய் திறந்து ஆம், இல்லை என்று சொல்லிப் பழகுங்கள்.

மருத்துவரிடம் பேசும்போது எஸ்-பார் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனை எடுங்கள். கடைசி இரண்டில்தான் நாம் தயங்குகிறோம், பெரியவர்களிடம் கருத்துச் சொல்லிப் பழகவில்லை. இங்கே அதைச் சொல்லாதது குறையாகத்தான் எழுதப்படும்.

ஆசிரியரோ நர்ஸோ பக்கத்தில் இல்லாமல் எந்த மருந்தையும் கொடுக்காதீர்கள். தப்பு நடந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். தப்புக்கு மன்னிப்பு உண்டு, மறைத்ததற்குக் கிடையாது. நோயாளியைப் பற்றி ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. பெயர் போடாமல், தமிழில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்றாலும்தான்.

9. என்கிளெக்ஸ்

கடைசி செமஸ்டரிலேயே நர்சிங் போர்டுக்கு விண்ணப்பம், கைரேகை, தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவில் 200 டாலர் கட்டிப் பதிவு ஆகியவற்றைத் தொடங்குங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் ஐ.டி.ஐ.என். என்கிற வரி எண்ணைக் கொடுத்துக் கலிஃபோர்னியாவில் விண்ணப்பிக்கலாம். அந்த எண் வாங்கவே மாதக்கணக்காகும் என்பதை மறக்காதீர்கள்.

2023 ஏப்ரலில் மாறிய வடிவத்தில் குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றும். 85-இல் நின்றுவிட்டால் பெயில் என்பதும் வதந்தி, பாஸ் என்பதும் வதந்தி. கணினிக்கு ஏதோ ஒரு பக்கம் உறுதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

தேர்வை நான்கைந்து மாதம் தள்ளிப் போடாதீர்கள். வகுப்பில் படித்தது அந்த வேகத்தில் மறக்கும். ஆறு, எட்டு வாரம் தினமும் 75 கேள்வி என்று போட்டுவிட்டுப் போங்கள். தேறாவிட்டால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். தேதி எடுக்கும்போது காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், முந்தின வாரம் ஒருமுறை தேர்வு மையம்வரை கார் ஓட்டிப் போய், எங்கே நிறுத்துவது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.